பினாயிலுக்குப் பக்கத்தில் இருந்த பச்சை டப்பா

குமாரபாளையம்
மே 18

அன்பு மகள் உஷாராணிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது, ரத்த அழுத்தம் டாக்டர் சொன்ன அளவில் நிற்கிறது. அங்கே நீயும் மதன் மாப்பிள்ளையும் யாழினியும் நலம் என்று நம்பித்தான் எழுதுகிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் மூன்று பேரின் இருமலும் எனக்குக் கேட்டது, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறீர்கள். நான் அனுப்பிய மிளகு உங்கள் சமையலறையில் அழகுக்கு இருக்கிறது போலும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். இது முழுவதும் கேட்டு முடித்த பிறகு சிரிக்க வேண்டிய விஷயம், அதுவும் கொஞ்சமாக.

நம் பிக்கப் வண்டி ஏழு வாரமாக என் உயிரை வாங்கிவிட்டது. அப்பா வாங்கிய வண்டி, பதினெட்டு வயதாகிறது, விற்றுவிடு என்று நீ சொல்லுவதும் நான் மாட்டேன் என்பதும் பழகிப்போன பேச்சு. எட்டுத் தறி ஓடுகிற வரைக்கும் துண்டு மூட்டைகள் வாரம் இரண்டு முறை சேலம் போயாக வேண்டும், அதற்கு அந்த வண்டியும் டிரைவர் அருணகிரியும் போதும். மார்ச் கடைசியில் மூட்டை ஏற்றிக்கொண்டு போனவன், சங்ககிரி தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏறிவிட்டது என்று வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான். சேலத்துக் கடைக்காரர் எனக்கு நான்கு முறை போன் செய்தார், நான் அருணகிரிக்கு ஆறு முறை செய்தேன். ஆறு முறையும் "ஆறட்டுமுங்கம்மா, ஆறாம எடுத்தா எஞ்சின் போயிருமுங்க" என்ற அதே பதில். சொன்ன நேரத்தில் சரக்கு போய்ச் சேரும் என்பதுதான் அப்பா சேர்த்துவைத்த பெயர், அந்தப் பெயரை இவன் இரண்டு மணி நேரம் புளியமரத்தடியில் ஆறவைத்துக்கொண்டிருக்கிறானே என்று எனக்கு ஆத்திரம்.

பிறகு தொடங்கியது மெக்கானிக் கூத்து. பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் விட்டோம். முதலில் ரப்பர் ஹோஸ் போய்விட்டது என்று மாற்றினான். ஒரு வாரத்தில் மறுபடி ரேடியேட்டர் காலி. கிளாம்ப் சரியில்லை என்று அதை மாற்றினான். மறுபடி காலி. ரேடியேட்டர் மூடியை மாற்றினான். நான்காம் முறை போனபோது தலையைச் சொறிந்துகொண்டு, "பழைய வண்டிங்கம்மா, அப்பப்பத் தண்ணி குடிக்கத்தானுங்க செய்யும்" என்கிறான். குடிக்கிற தண்ணீர் எங்கேயடா போகிறது என்றேன். காற்றில் போகிறதாம். எனக்கு வந்த கோபத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியென்றால் எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவைத்தேன். காலையில் பார்த்தால் ஒரு சொட்டு ஈரமில்லை. ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் இல்லை, அப்படியானால் காலையில் ஊற்றுகிறேன் என்கிறவன் ஊற்றவில்லை என்று முடிவு செய்தேன். அதை மனதோடு வைத்திருக்கலாம். தறிக்காரர்கள் அத்தனை பேரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியவனுக்குப் பொய் சொல்லத்தான் தெரிகிறது, தண்ணீர் ஊற்றத் தெரியவில்லை என்று அருணகிரியைப் பார்த்துச் சொன்னேன். அவன் சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினான். "நான் போறேனுங்க" என்றான். வாரேன் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன், கவனித்தும் அழைக்கவில்லை.

அடுத்த நாள் வாடகைக்கு ஒரு டிரைவரைப் பிடித்தேன். என் கையாலேயே செம்பு செம்பாக விளிம்பு வரை ஊற்றி அனுப்பினேன். சேலம் போய் வருவதற்குள் இரண்டு முறை நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்ததாம், வீட்டுக்கு வந்தபோது பாதி இல்லை. அந்த நிமிடமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், இவனும் அருணகிரிக்குச் சொந்தக்காரனோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

வேறு வழியில்லாமல் வண்டியைக் கட்டி இழுத்து சங்ககிரிக்கு அனுப்பினேன். அங்கே லாரிப் பட்டறை வைத்திருக்கும் முருகானந்தம் சத்தமில்லாத மனிதர். அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி எஞ்சினுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். தண்ணீர் பம்ப்பிலிருந்து எஞ்சினுக்குப் பின்பக்கமாக ஓடும் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறதாம், அதில் ஊசி முனை அளவு ஓட்டை. எஞ்சின் சூடானால்தான் கசியும், கசிந்ததும் சூட்டிலேயே ஆவியாகிவிடும், தரைக்கு எப்படி வரும் என்றார். காற்றில் போகிறது என்று அந்தப் பாலத்தடிக்காரன் தெரியாமல் சொன்னது நிஜம்தான், அதுவும் எனக்கு ஒரு எரிச்சல்.

அந்தக் குழாயை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். நான் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். கழற்றிய போல்ட்டுகளை வரிசையாகத் துணியில் வைக்கச் சொன்னேன், கை துடைத்த துணியால் எதையும் துடைக்காதீர்கள் என்றேன். "அம்மா நீங்க உக்காந்திருந்தா போல்ட்டே பயந்துக்கிட்டுத் தானா கழண்டு வருதுங்க" என்கிறார். ஆனால் குழாய் பயப்படவில்லை. பாதியில் முறிந்து, முனை எஞ்சினுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது, அதைத் தோண்டி எடுக்கவே ஒரு நாள். கோயம்புத்தூரிலிருந்து வந்த புதுக் குழாயின் வளைவு வேறு, நம் வண்டிக்குப் பிந்தைய மாடலுக்கு உள்ளது. திருப்பி அனுப்பி, சரியானது வர ஒன்பது நாள். இந்தக் காலத்தில் உலகத்தின் மறுகோடியில் இருக்கும் உன் முகத்தை ஒரு நொடியில் பார்க்க முடிகிறது, ஒரு முழ இரும்புக் குழாய் கோயம்புத்தூரிலிருந்து வர ஒன்பது நாள். அதை மாட்டிய பிறகு வண்டி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டது.

இனிமேல்தான் நீ கவனிக்க வேண்டியது. முறிந்த குழாயை முருகானந்தம் என் கையில் கொடுத்தார். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு அடைத்து, விரல் போகிற துளை பென்சில் போகிற துளையாகியிருந்தது, அதற்கு அடியில் இரும்பு துருப்பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார். போர் தண்ணீர் என்றேன். "அந்தத் தண்ணியில நீங்க காபி வெப்பீங்களாங்க?" என்றார். உஷா, அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவினால்கூடக் கறை படிகிறது என்று வேலைக்காரியைத் திட்டுகிறவள் நான். கான்வென்ட்டில் கடின நீர்ப் பாடத்தை என்னை எழுந்து நிற்கச் சொல்லி வகுப்புக்கே சொல்லவைத்தார்கள். அருணகிரி ஒரு காலத்தில் காவிரித் தண்ணீரைத்தான் குடத்தில் பிடித்து ஊற்றினான், குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதா என்று நிறுத்தியதும் நான்தான். போன முறை வந்தபோது நீ ஒரு பச்சை டப்பா கூலன்ட் வாங்கிக் கொடுத்தாய். அதை ஊற்றட்டுமா என்று அவன் இரண்டு முறை கேட்டான். தண்ணீர் உறைந்துபோகும் உஷாவின் ஊருக்கு அது வேண்டும், நாற்பது டிகிரி வெயிலில் இங்கே எது உறையப் போகிறது என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன். அது துருவையும் தடுக்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. நேற்று முன்தினம் பினாயிலுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் துடைத்தபோதுதான் படித்தேன். நீ சொன்னது சரி. இதை ஒரு முறைதான் எழுதுவேன்.

முருகானந்தம் இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு முள் ஏறியதும் வண்டியை நிறுத்தினவர் யார், அவர் நிறுத்தாமல் இன்னும் இரண்டு மைல் ஓட்டியிருந்தால் எஞ்சினையே மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

நேற்று அந்த முறிந்த குழாயை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அருணகிரி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பொன்னாயி வாசலில் நின்று, "வாங்கம்மா, ஊட்டுல ரெண்டு தண்ணியும் இருக்குதுங்க, போர் தண்ணி குடிக்கிறீங்களா, காவேரித் தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். எனக்கு வேண்டியதுதான். நாமக்கல்லில் ஒருவருக்கு முட்டை வண்டி ஓட்டுகிறானாம், இதுவரை ஒரு முட்டை உடையவில்லை என்பதையும் எனக்குக் கேட்கும்படி சொன்னாள். அருணகிரி வந்ததும் குழாயை அவன் கையில் கொடுத்து, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் சொன்னது தப்பு என்றேன். அவன் குழாயை வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "அந்தப் பக்கம் தெரியவே மாட்டேங்குதுங்களே" என்றான். பிறகு, "எஞ்சின் தப்பிச்சிருச்சுங்களா?" என்றுதான் முதலில் கேட்டான். நீ நிறுத்தியதால் தப்பித்தது என்றேன். முட்டைக்காரருக்கு மாதக் கடைசி வரை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறானாம். நாளைக்கே வா என்று சொல்ல வாய் வந்தது, சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் அதை எப்படிச் சொல்வது? "ஒண்ணாந்தேதி வாரேனுங்கம்மா" என்றான். குழாயைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை. "இது என்கிட்டயே இருக்கட்டுமுங்க, அடுத்தவாட்டி நீங்க தண்ணியப் பத்திப் பேசுனா எடுத்துக் காட்டறேன்" என்றான். பொன்னாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் காவிரித் தண்ணீரே வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பொய் சொல்கிறாய் என்று சொன்னது தறிக்காரர்கள் முன்னால். அதனால் தப்பு என்னுடையது என்பதையும் ஒண்ணாம் தேதி டீ நேரத்தில் அவர்கள் முன்னாலேயே சொல்லப் போகிறேன். அதுவரைக்கும் நீ அருணகிரிக்குப் போன் செய்யக் கூடாது. அவன் நம்பர் உன்னிடம் இருக்கிறது, அம்மாவுக்காக மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நீ இனிக்க இனிக்கப் பேசிவிடுவாய். அது என் வேலை.

யாழினிக்கு இரவில் தலைக்குக் குல்லாய் போடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூவருக்கும் குறையில்லாத ஆயுளும் நல்ல புத்தியும் அமைய வேண்டிக்கொள்கிறேன், நல்ல புத்தியை எனக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். மிளகை மறக்காதே. கூலன்ட் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று எழுது, அதை மட்டும் எழுது.

உன் அம்மா,
நா. ஜானகியம்மாள்