உங்கள் மூச்சை எண்ணிய பகல்கள்

இன்று காலை மருமகள் கொடுத்த தேநீரில் தீய்ந்த வாசம் இருந்தது. பண்டாரவளைக் கடையில் வாங்கிய தூள்தான். ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது டிரையரில் அதிக நேரம் நின்ற தூள்" என்றேன். "இந்த வீட்டுல மாமிக்கு மட்டும்தான் அந்த மூக்கு" என்று சிரித்தாள். அந்த மூக்கு என்னுடையதல்ல, உங்களுடையது. முப்பது வருஷம் ஒரு டீமேக்கருக்குச் சோறு போட்டதில் ஒட்டிக்கொண்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாசத்தோடு மடுல்சீமைத் தோட்டத்துக் குவாட்டர்ஸும் அதன் பின்னறையும் வந்துவிட்டன.

நீங்கள் பகலில் தூங்கியவர். வாடிய கொழுந்து நடுச்சாமத்துக்குப் பிறகுதான் ரோலரில் ஏறும். அரைத்து, புளிக்க வைத்து, டிரையரில் உலர்த்தி முடியும்போது விடிந்திருக்கும். வீட்டுக்கு வந்து குளிருக்கென்று கொஞ்சம் சாராயம் குடித்துவிட்டுப் படுப்பீர்கள். ஆகவே டீமேக்கர் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்ந்தால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். "ராத்திரி வேலைதானே" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் உங்களுக்கு முன்னால் இருந்த டீமேக்கரும் இரவில்தான் வேலை செய்தார். அவர் ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, வீட்டுக்குப் பின்னால் கோவாவும் மற்ற மரக்கறியும் நட்டார். நீங்கள் எட்டு மணி நேரம் தூங்கியும் தலையைப் பிடித்துக்கொண்டு, வாய் வறண்டு, ஒரு சொல் பொறுக்காதவராக எழுந்தீர்கள். இடையில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க வேறு எழுந்தீர்கள். நேற்றுச் சொன்னது இன்று உங்களுக்கு நினைவில்லை.

உங்கள் சட்டைகளை நான்தான் தைத்தேன். காலர் அளவைப் பதினைந்தரையிலிருந்து பதினேழரைக்குக் கொண்டுவந்தேன். கழுத்து தடிப்பதைப் பார்த்து, நன்றாகச் சமைத்துப் போடுகிறேன் என்று பெருமைப்பட்டேன்.

குறட்டைதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஜன்னலுக்கு அடியில்தான் மலைக்குப் போகும் பாதை. கொழுந்துக்குப் போகும் பெண்கள் அங்கே வந்ததும் நடையைக் குறைப்பார்கள்.

"என்னங்கடி, ஸ்டோர் இன்னைக்கு டீமேக்கரய்யா வூட்டுலயா ஓடுது?"

"ரோலருக்கு எண்ணெ போடச் சொல்லுங்கடி!"

தேயிலை ஃபெக்டரியைத்தான் அவர்கள் ஸ்டோர் என்பார்கள். உள்ளே தையல் சட்டத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு முகம் எரியும். உங்களிடம் சொன்னால், "உன் கொன்வென்ட்டுல குறட்டைக்கும் மார்க் குறைப்பாங்களோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பீர்கள்.

அந்தக் குறட்டை சில நேரம் நடுவில் அறுந்துபோகும். நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் வராது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். இருபது. இருபத்தைந்து. ஒருநாள் முப்பத்தொன்று. உதடு கறுத்துவிடும். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவரைப்போல ஓர் இழுப்பு இழுத்து, கண் திறக்காமலே மறுபடி குறட்டை விடுவீர்கள். எழுந்த பிறகு கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்பீர்கள். தூங்குகிறவருக்கு அது தெரியாது. பக்கத்தில் விழித்திருப்பவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது.

வாசல் கூட்ட வரும் ராமாயிக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் விளக்குமாற்றோடு ஜன்னலருகே நின்றுகொண்டு, "அம்மா, ஐயாவுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க. எங்கப்பனுக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. மல்லாக்கப் படுக்க வுடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றாள்.

"எங்க அறையை எட்டிப் பார்க்கச் சொல்லி உன்னை யார் கேட்டது?"

"கண்ணு பாத்துச்சு, வாயி சொல்லிருச்சு. கோவிச்சுக்காதீங்கம்மா."

அன்று பிற்பகலே உங்கள் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். பாதைக்கு எட்டாத அறை. அதன் ஜன்னலையும் சாத்தி, என் கையால் தைத்த திரையைப் போட்டேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த அடுத்த வருஷம், டிரையருக்கு முன்னால் நின்றபடியே நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அன்றைய தூள் முழுக்கத் தீய்ந்தது. இன்னொரு தடவை நடந்தால் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் உங்களைப் பதுளைக்கு டொக்டரிடம் கூட்டிப்போனேன். பசறை வரும்வரை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினீர்கள். மற்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

டொக்டரின் அறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைதான். வெளியே வாங்குப் பலகையில் நம் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மனைவி தன் முறைக்குக் காத்திருந்தாள். அவள் காதில் விழுவது மாலைக்குள் துரையின் காதுக்குப் போகும். உங்கள் பிரஷரைப் பார்த்த டொக்டர் முகம் சுளித்து, என் பக்கம் திரும்பினார்.

"இதை நீங்கதான் சொல்லணும் மிஸிஸ். பெரிய குறட்டையா? நடுவுல மூச்சு நிக்குதா? அப்படி இருந்தா இந்த மாத்திரை மட்டும் போதாது. ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் அடி வாங்குறது இதயம்."

நீங்களும் என் முகத்தைப் பார்த்தீர்கள். உங்களுக்கும் தெரியவேண்டியிருந்தது. நான் ஆங்கிலத்தில், கொன்வென்ட் மதர் கற்றுக்கொடுத்த உச்சரிப்பு பிசகாமல், திரைக்கு வெளியேயும் கேட்கும்படி பதில் சொன்னேன். அப்படி ஒன்றுமில்லை, இவர் மிக அமைதியாகத் தூங்குகிறவர் என்று.

தெருவில் இறங்கியதும், "அப்ப ராமாயி சொன்னது?" என்று கேட்டீர்கள். அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தீர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"நீ சொன்னா சரிதான்" என்றீர்கள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு முற்பகலில், பின்னறையிலிருந்து சத்தம் நின்றது. கொழுந்துப் பெண்கள் பாதையில் போய்க்கொண்டிருந்த நேரம். அவர்களுக்கு அரைகுறையாகக்கூடக் கேட்காது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு தலையணை உறையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். எண்ணவில்லை. நான்கு பக்கமும் தைத்து முடித்து, நூலை அறுத்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன். அதற்குள் உங்கள் கை சில்லிட்டிருந்தது.

தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறதாம். தூக்கத்தில் மூக்கு வழியாகக் காற்றைச் செலுத்தும் ஒரு கருவியும் வெளிநாட்டில் வந்திருக்கிறதாம். இங்கே கிடைக்காது என்று இங்குள்ள டொக்டர் சொன்னார். நான் கேட்டது நம் மகனுக்காக. அவனுக்கு முப்பத்தாறு வயது. காலர் பதினேழு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வங்கி மேசையிலேயே தூங்கிவிடுகிறானாம். அவனை எதிரில் உட்காரவைத்து, பதுளையில் நான் சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "அப்பாவுக்கு ராத்திரி வேலைம்மா. எனக்கு அப்படியா? இதையெல்லாம் வெளியில சொல்லிட்டுத் திரியாதீங்க" என்றான். என் குரல்தான். நான்தானே வளர்த்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். பக்கத்து வீட்டார் சிரிக்கிறார்கள் என்று மருமகள் ஜன்னலைச் சாத்தினாள். நான் போய்த் திறந்தேன். அவள் மறுபடி சாத்தினாள். கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். குறட்டை அறுந்தது. எண்ணினேன். இருபத்திரண்டுக்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ராமாயி சொன்னபடி ஒருக்களிக்க வைக்கலாம் என்று அவன் தோளைப் பிடித்து, இரண்டு கையாலும் தள்ளினேன். அவன் அசையவில்லை. உங்கள் கனம் அவனுக்கு. மூச்சு தானாகத்தான் வந்தது.

அன்று இந்தக் கைகளில் பலம் இருந்தது.