கடல் தண்ணீரில் ஓர் உண்ணி

ஏப்ரல் 7, திங்கள்

இன்று நாற்பத்தொன்று. காதுக்குள் மட்டும் பதினேழு. ஒவ்வோர் உண்ணியாக இடுக்கியால் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். நேற்று முப்பத்தெட்டு. பிடுங்கப் பிடுங்க ஏறுகிறது. ஜெனரேட்டர் இப்படிச் செய்தால் பிரித்துப் பார்த்துவிடுவேன். நாயை எங்கே பிரிப்பது?

என் நாய்கூட இல்லை. இந்த அறையில் எனக்கு முன் இருந்த பெங்காலிக் குடும்பம் இந்தத் தீவை விட்டு மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனபோது ஒரு வாளி, ஒரு கிழிந்த சாக்கு, மோட்டு, மூன்றையும் விட்டுவிட்டுப் போனது. மோட்டு என்றால் இந்தியில் குண்டன். இதற்கு விலா எலும்பு தெரிகிறது. தமிழும் தெரியாது. "உட்கார்" என்றால் வானத்தைப் பார்க்கும். இந்தியில் "பைட்" என்றால் உட்காரும்.

வீட்டுக்கார சம்சாத் அக்கா மாடிப்படியில் நின்று சொன்னார்: "தம்பி, எங்க மக அஸ்ரின், பெத்து நாப்பது நாள் முடிஞ்சதும் புள்ளையோட வர்றா. மே பத்து. அதுக்குள்ள இந்தப் பூச்சி போயிரணும். இல்லன்னா எங்க வீட்டுக்காரரு, உங்க ஜப்பார் பாய், நாய பம்பூஃப்ளாட் படகுல ஏத்தி அந்தக் கரையில விட்டுருவேங்கிறாரு."

அக்கா மோட்டுவைத் தொடமாட்டார். ஆனால் அதற்கு மீன் தலை ஒரு நாளும் தவறியதில்லை. சொன்னதைச் செய்கிறவர்கள். அதுதான் பயம்.

ஏப்ரல் 9, புதன்

பவர் ஹவுஸில் என்னோடு வேலை பார்க்கும் முத்துவீரன் அண்ணன்: "சுத்தி இவ்வளவு தண்ணி கிடக்கு, நீ குழாத் தண்ணிக்கு அழுவுற. கடல்ல முக்குடா. உப்புக்கு எது நிக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. குழாய் மூன்று நாளுக்கு ஒருமுறை. என் பங்கு இரண்டு வாளி.

மோட்டுவை ஸ்கூட்டியின் முன்னால் நிறுத்திக் கொண்டுபோனேன். நாலரைக்கே வெயில் மஞ்சளாகிவிட்டது. கடல் அசையவே இல்லை. மோட்டு நீந்தும்போது தலை மட்டும் தனியாக, உடம்பே இல்லாததுபோல், வெளிச்சத்தில் மிதந்துபோயிற்று. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்? செருப்பு நனைந்தது தெரியவில்லை.

சோதிக்காமல் நம்பக் கூடாது. ஓர் உண்ணியைக் கடல் தண்ணீர் நிறைந்த தம்ளரில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

உயிரோடு இருக்கிறது. தம்ளரின் அடியில் நடக்கிறது. மோட்டு உப்புக் காய்ந்து, சொறிந்து சொறிந்து வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. முட்டாள் நான்.

ஏப்ரல் 12, சனி

கால்நடை மருத்துவமனை. டாக்டர் நீலாவதி. சீப்பில் வந்த கறுப்புப் பொடியை ஈரப் பஞ்சில் ஒற்றினார். பஞ்சு சிவந்தது. "ரத்தம். தெள்ளோட எச்சம். உண்ணி மட்டும் இல்ல, தெள்ளுப்பூச்சியும் இருக்கு. தூங்குற இடம் எது?"

"பலகைச் சுவர் ஓரம். சாக்கு."

"நாய் மேல இருக்கிறது கொஞ்சந்தான். மிச்சம் உங்க சுவத்துல முட்டை போட்டுட்டு உக்காந்திருக்கும். நீங்க என்ன வேல?"

"டீசல் மெக்கானிக்."

"எண்ணெ ஒழுகினா தரையை மட்டும் துடைப்பீங்களா?"

டாக்டர் சொன்னதை எழுதிக்கொண்டேன்: முதலில் சீவ வேண்டும், பிறகுதான் குளியல். நாய்க்கான ஷாம்பு, மனித சோப்பு வேண்டாம். உப்பு பட்டால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காதைத் துடைத்து உலர்த்த வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பிடரியில், நக்க எட்டாத இடத்தில், சொட்டு மருந்து. மாதம் ஒருமுறை. சுவரில் இருப்பது பொரிந்து பொரிந்து வரும், வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

"மே பத்துக்குள்ள முடியணும் டாக்டர்."

"உங்க தேதி உண்ணிக்குத் தெரியாதே."

இரண்டு வாளியும் மோட்டுவின் குளியலுக்கே போயிற்று. நான் குளிக்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

மருந்து விட்டாயிற்று. சாக்கை எரித்தேன். டார்ச் அடித்துப் பலகை இடுக்கைப் பார்த்தேன். வரிசையாக, பப்பாளி விதை மாதிரி. என் தலையணைக்கு ஒரு கை தூரத்தில். இரண்டு மாதம் இங்கேதான் தூங்கியிருக்கிறேன்.

கம்பியால் சுரண்டி, மருந்து அடித்து, இடுக்குகளைப் பட்டி பூசி அடைத்தேன். பாதிச் சுவர்தான் ஆயிற்று. மருந்து காயும்வரை மோட்டு வெளியே.

ஏப்ரல் 20, ஞாயிறு

தினம் நாலரைக்குச் சீவுகிறேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் முடிவதில்லை. அவசரப்பட்டால் சீப்பு சிக்குகிறது, மோட்டு எழுந்து போய்விடுகிறது. மெதுவாக இழுத்தால் கண்ணை மூடிக்கொள்கிறது. வேறு வழியில்லாமல் மெதுவாக இழுக்கிறேன்.

ஜெனரேட்டர் சத்தம் ஷிப்ட் முடிந்தும் காதுக்குள் ஓடும். நாலு வருடமாக. இன்று முதுகைச் சீவிக்கொண்டிருக்கும்போது அது நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. தென்னை ஓலை உரசுவது கேட்டது. மாடியில் அக்கா அரிசி புடைப்பது கேட்டது. சீப்புக்குக் கீழே மயிர் பிரிந்து பிரிந்து மூடியது. முதன்முதலில் விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்த காடு இப்படித்தான் இருந்தது, பச்சைக்குப் பதில் பழுப்பு. அந்தக் காட்டுக்குள் நான் நடந்துகொண்டிருந்தேன். மரங்கள் வெதுவெதுப்பாக இருந்தன, மூச்சு விட்டன. தரை ஏறி ஏறி இறங்கியது. எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை.

விழித்தபோது சீப்பு கையில். மோட்டுவின் கால்கள் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அதுவும் அங்கேதான் இருந்ததா?

என்ன எழுதுகிறேன். எண்ணிக்கை: ஒன்பது.

ஏப்ரல் 27, ஞாயிறு

இருபத்திரண்டு. குட்டி குட்டியா. ஏன்? எல்லாம் பண்ணேனே. அடைக்காம விட்ட பாதிச் சுவர். அதேதான். சீப்பைத் தூக்கி எறிஞ்சேன். "போ, பம்பூஃப்ளாட்டுக்கே போ, என்னால ஆகாது"ன்னு கத்துனேன். தமிழ்லதான். அதுக்கு என்ன புரிஞ்சுதோ, போய் சீப்பு பக்கத்துல படுத்துக்கிச்சு.

மாலையில் மீதிச் சுவரையும் முடித்தேன்.

மே 1, வியாழன்

மூன்று.

மே 2, வெள்ளி

ஒன்றுமில்லை.

மே 9, வெள்ளி

ஏழு நாள் பூஜ்யம். இன்று மாலை, இடது முன்கால் விரலிடுக்கில், ஒன்று.

மோட்டு என்னைப் பார்த்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் பூஜ்யம்தான். விடிந்தால் அஸ்ரினும் குழந்தையும் வரும் விமானம்.

மாடி ஏறினேன்.

"அக்கா, இன்னைக்கு ஒன்னு இருந்துச்சு."

ஜப்பார் பாய் தொட்டில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "க்யா தம்பி, கேக்காமலே வந்து சொல்றே. சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

அக்கா உள்ளே போனார். நானும் இறங்கி வந்துவிட்டேன். அவ்வளவுதான் போல.

மே 10, சனி

ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். பாய். படகுக்குத்தான் என்று மோட்டுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அத விடு. டார்ச்ச எடுத்துக்கிட்டு மேல வா. தொட்டில் பக்கத்துப் பலகை எல்லாத்தையும் நீயே பாத்துச் சொல்லணுமாம். நான் பாத்தா உங்க அக்காவுக்கு நம்பிக்கை இல்லையாம்."

ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று சொன்னேன். அக்கா தொட்டிலில் துணி விரித்தார்.

மே 13, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழும் சத்தத்தில் எல்லாம் தூரமாகிவிட்டது. மாடியில் குழந்தை அழும்போதெல்லாம் மோட்டு தலையைச் சாய்த்துக் கேட்கிறது.

குடையோடு ஜப்பார் பாயின் கடைக்குப் போனேன், ஷாம்பு வாங்க. கல்லாவுக்கு மேலே காலண்டர். நாளைய தேதியில் இரண்டு வட்டம். ஒன்றுக்குப் பக்கத்தில் 'புள்ளைக்கு ஊசி'. இன்னொன்றுக்குப் பக்கத்தில் 'மோட்டு மருந்து'.

அக்காவின் கையெழுத்து.