வழியில் இருப்பவர்களுக்காக

அக்கா,

இன்று காலை வென்ட்வேர்த்வில் ரயில் மேடையில், பக்கத்தில் நின்றவரின் கம்பளிக் கோட்டிலிருந்து விறகுப் புகை மணத்தது. ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை. மனம் இந்த நகருக்கு மேற்கேயுள்ள நீல மலையில், பனிக்குள், உங்கள் பக்கத்தில் நின்றுவிட்டது.

இந்த நாட்டுக்கு வந்து, முதியோர் இல்லத்தில் ஒன்றாக வேலை செய்த காலமெல்லாம் நீங்கள் என்னை ‘நங்கி’ என்றுதான் கூப்பிட்டீர்கள். உங்கள் சிங்களத்தில் தங்கை. வெள்ளவத்தையில் தமிழ் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர் நீங்கள். தமிழ் சரளமாக வரும். உங்கள் மகன் இராணுவத்தில் இருந்தவன், வடக்கில் போரில் இறந்தவன் என்று எனக்குத் தெரியும். என் தம்பி அதே வடக்கில் காணாமல் போனவன் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நாம் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால், பிறகு சேர்ந்திருந்து தேநீர் குடிக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம்.

ஒரு ஜூலையில், இங்கே குளிர் உச்சத்தில் இருந்தபோது, கேட்டீர்கள்: “நங்கி, மகன்ட நினைவு நாள் வருது. மலையில இருக்கிற மடத்துக்குச் சாப்பாடு கொண்டு போகணும். அந்த ரோட்டுல ஓட்ட எனக்குப் பயம். வருவீங்களா?”

பிக்குகளின் காவி உடையைக் கண்டால் தெருவைக் கடந்து மறுபக்கம் போகிறவள் நான். ஆனாலும் “ஓம், வாறன்” என்றேன்.

மேலே ஏற ஏற மூடுபனி. யூக்கலிப்டஸ் மரங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டு மறைந்தன. பிறகு பனி கொட்டத் தொடங்கியது, ஒரு சத்தமும் இல்லாமல். பாற்சோற்றுப் பாத்திரம் உங்கள் மடியில் சூடாக இருந்தது. நாம்தான் போகிறோமா, மலை நம்மை நோக்கி வருகிறதா என்று எனக்குப் புரியவில்லை.

சின்ன மர மண்டபம். மூலையில் விறகடுப்பு. பிக்கு ஒரு வெள்ளைக்காரர், தலையில் கம்பளித் தொப்பி. இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னார். நீங்கள் மகனின் பெயரைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

“தம்பிட பேரையும் சொல்லுங்க நங்கி.”

“அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது?”

அந்த மண்டபத்துக்கு என் குரல் மிகவும் பெரிது. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நீங்கள் சப்பாத்துக்கூடப் போடாமல், வெறும் காலுறையோடு பனியில் இறங்கி வந்தீர்கள்.

“மகனைப் பெட்டியில கொண்டு வந்தாங்க. சீல் வச்சிருந்தாங்க, தொறக்க விடல்ல. உள்ள யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? வருஷா வருஷம் அவன் பேர்ல தானம் குடுக்கிறேன். ஆனா போன் அடிச்சா இன்னும் ஓடுறேன்.”

உங்கள் தலைமுடியில் பனி படிந்துகொண்டே இருந்தது. உங்கள் மகனும் என் தம்பியும் அந்த வடக்கில் எங்காவது ஒருவரையொருவர் கண்டிருப்பார்களோ என்று நான் நினைத்தேன். நீங்களும் நினைத்திருப்பீர்கள். உங்கள் கால்கள் விறைத்துவிடும் என்று சொல்லி, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

நீங்கள் பிக்குவிடம், மகனின் பெயரை இறந்தவர்களோடு சேர்க்க வேண்டாம் என்றீர்கள். “இன்னும் வீடு வந்து சேராமல் வழியில் இருப்பவர்களுக்காக ஓதுவீர்களா?” என்று கேட்டீர்கள். அவர் அடுப்பில் ஒரு விறகைச் சேர்த்தார். பிறகு இரண்டு பெயர்களையும் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒரேயளவு பிழையாக உச்சரித்தார். நமக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க அது அழுகையானது.

இந்த இலையுதிர் காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் நெற்றியைத் தடவினேன், குளிர்ந்திருந்தது. நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அக்கா. அதுவே ஒரு ஆறுதல் என்பது நம் இருவருக்கும்தான் விளங்கும்.

இன்று வீடு திரும்பி, காரை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குப் போனேன். உங்கள் பெயரை இறந்தவர்களோடு சொன்னேன். தம்பியையும் உங்கள் மகனையும் வழியில் இருப்பவர்களோடு சொன்னேன். உங்கள் மகனின் பெயரைச் சொல்ல இப்போது வேறு ஆளில்லை.

அவன் வந்தால் முதலில் உங்களைத்தான் தேடுவான். நான் இருக்கிறேன், அக்கா. நீங்கள் காத்திருந்ததை அவனுக்குச் சொல்கிறேன்.