கவுண்டருக்குத் தூக்கி வந்த நாற்காலி

அன்புள்ள பிரியாவுக்கு,

குரும்பலூரில் நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். காது மெஷின் போட்டாலும் போனில் நீ பேசுவது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது, அதனால் எழுதுகிறேன். மழை விட்டதும் அப்பா சின்ன வெங்காயம் நட்டுவிட்டார், முதுகு வலி என்கிறார், டாக்டரிடம் மட்டும் போகமாட்டேன் என்கிறார்.

காலேஜ் போட்டோவில் என்னை லைப்ரரி கவுண்டரில் பார்த்துவிட்டு, அம்மாவுக்குப் பழைய இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக மெசேஜ் போட்டிருந்தாய். நானும் ஒரு பூப்படம் அனுப்பி விட்டுவிட்டேன். நடந்தது வேறு. காய்ச்சலில் காது போனதிலிருந்து என்னைப் பின்னால் பழைய ஜர்னல் அறையில்தானே போட்டிருக்கிறார்கள். காலேஜைப் பார்வையிட ஆய்வுக் குழு வருவதற்கு முதல் நாள் லைப்ரரியன் கிருஷ்ணமூர்த்தி சார் வந்து, நாளைக்கு நல்ல சேலையா கட்டிக்கிட்டு வாங்கம்மா, முன்னாடி உக்காரலாம் என்றார். மாற்றுத்திறனாளிகளுக்குச் சம வாய்ப்பு என்று பக்கத்தில் ஒரு போர்டு வைத்தார்கள். குழுவில் வந்த அம்மா என்னிடம் ஏதோ கேட்டார், சாரே பதில் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் என் நாற்காலி திரும்பவும் ஜர்னல் அறையில் கிடந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை, பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மத்தியானம் சாப்பிட்டு டப்பாவைக் கழுவி வைத்தேன். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கவுண்டரில் போட்டு உட்கார்ந்தேன். தைரியம் என்று நினைக்காதே, கை கால் தானாகச் செய்தது. கவுண்டரில் இருக்கும் நர்மதா நகர்ந்து இடம் விட்டாள். சார் வந்து, பசங்க கேக்குறது உங்களுக்கு விழாதேம்மா, எதுக்கு இந்தச் சங்கடம் என்றார். எதிர்ல நின்னு மெதுவாச் சொன்னா புரியும் சார், புரியலன்னா எழுதிக் காட்டட்டும் என்றேன். சார் தன் அறைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் யாரும் என்னை எழுப்பவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. சில பிள்ளைகள் கத்துகிறார்கள், கத்தினால் எனக்கு என்ன விளங்கும். சந்தோஷம் வருமென்று பார்த்தேன், வரவில்லை.

நேற்று வேப்பந்தட்டையிலிருந்து படிக்க வரும் பெண் ஒருத்தி, புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்று, என் முகத்தைப் பார்த்து, சாப்ட்டீங்களா மேடம் என்று நிதானமாகக் கேட்டாள். சாப்ட்டேம்மா என்றேன். அவள் போன பிறகு அடுத்த ஆளுக்கு முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டேன், நர்மதா வாங்கிச் சரியாகக் குத்தினாள்.

வேலையை விட்டுவிட்டுப் புனேவுக்கு வந்துவிடு என்று இனிச் சொல்லாதே கண்ணு. மாரியம்மன் உன்னைக் காப்பாள். அப்பாவுக்கு நீயே போன் போட்டு, டாக்டரிடம் போகச் சொல்லிச் சத்தம் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
மணிமொழி