பச்சை இலை லேபிள்

மார்ச் 4

காலை முழுக்கக் கூட்டம். சாசேஜ் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சரக்கில் என்ன எவ்வளவு என்று அளந்து கையெழுத்துப் போடுகிறவள் என்பதால் என்னையும் உட்கார வைத்தார்கள். விளம்பரப் பிரிவு மகராசன் பேசினார். கறி கெடாமலிருக்கப் போடும் உப்பு, நைட்ரைட். அந்தச் சொல்லைப் பார்த்தாலே ஜனங்கள் பாக்கெட்டைக் கீழே வைத்துவிடுகிறார்களாம். புற்றுநோய் பயமாம். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம்: நைட்ரைட் உப்புக்குப் பதில் செலரி என்ற சீமைக்கீரையின் பொடி. முன்பக்கம் ஒரு பச்சை இலை. 'நைட்ரைட் சேர்க்கப்படவில்லை.'

"அந்தப் பொடியில இருக்கிறதும் நைட்ரைட்தானே சார்?"

"அது செடியிலேர்ந்து வருது மேடம். இயற்கை."

பாம்பு விஷம்கூட இயற்கைதான். சொல்லவில்லை, டீ குடித்தேன்.

மார்ச் 11

செலரிச் சரக்கை அளந்தேன். பழைய உப்பு போட்டதைவிட நைட்ரைட் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. வயிற்றுக்குள் போய்ப் பச்சை இலையைக் காட்டினால் குடல் சும்மா விட்டுவிடுமா? மேனேஜரிடம் தாளை நீட்டினேன். "சட்டம் சொன்ன அளவுக்குள்ளதானே இருக்கு? போடுங்க கையெழுத்தை." போட்டேன். இந்த லேபிளை நம்பி வாங்குகிற முட்டாளுக்கு நான் என்ன செய்வது?

மார்ச் 12

"கீரையிலயும்தான் நைட்ரேட் இருக்கு, உள்ள போனா அதுவும் நைட்ரைட்தான், யாராவது கீரையைத் திட்டுறாங்களா?" என்கிறார் மகராசன். கீரையைக் கீரையாகத் தின்றால் அதன் கெடுதலை அடக்கும் சத்தும் கூடவே உள்ளே போகும். இவர் கீரையா விற்கிறார்? கறியோடு கலந்து, பொரித்துத் தின்னச் சொல்கிறார். அரைகுறை.

ஏப்ரல் 2

பச்சை இலைச் சரக்கு கடைக்குப் போய்விட்டது. கேக் வெட்டினார்கள். இரண்டு துண்டு தின்றேன்.

மே 20

ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பா வீடு. போன வருடம் அவர் குடலிலிருந்து மூன்று கட்டிகளை எடுத்தார்கள். விட்டிருந்தால் புற்றாக மாறியிருக்கக்கூடியவை. "எதை வாங்கினாலும் லேபிளைப் படிங்க, நைட்ரைட்னு இருந்தா தொடாதீங்க" என்று டாக்டர் சொன்னார். அதற்கென்றே பூதக்கண்ணாடி வாங்கிய மனுஷன். சாசேஜ் என்றால் உயிர். ஆனாலும் ஒரு வருடமாகத் தொடவில்லை.

ஃபிரிட்ஜைத் திறந்தேன். நாலு பாக்கெட். பச்சை இலை.

"படிச்சுப் பார்த்துட்டுத்தான்மா வாங்குனேன். சேர்க்கலைன்னு போட்டிருக்கு. உங்க கம்பெனி சரக்கு வேற. உன்னைத் தாண்டி ஏதாவது வெளிய வந்துருமா?"

தினமும் காலையில் இரண்டு. ஏழு வாரமாக.

சொல்லிட்டேன். எல்லாத்தையும். கத்தியிருந்தால் தேவலை. "கையெழுத்துப் போடுறப்ப உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். "தெரியும்ப்பா." நாலு பாக்கெட்டையும் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

முட்டாள்னு எழுதி வச்சிருக்கேன் பாரு, மார்ச் பதினொண்ணுல. எங்கப்பாவை. வெட்கங்கெட்டவ நான்.

மே 23

அடுத்த சரக்குக்குக் கையெழுத்துப் போடவில்லை. "முன்பக்கம் உண்மையைப் போடுங்க, போடுறேன்" என்றேன். மேனேஜர் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.

ஜூன் 6

குளிர் அறையில் வெப்பநிலை குறிக்கும் வேலைக்கு என்னை மாற்றிவிட்டார்கள். என் நாற்காலிக்கு ஆள் வந்தாயிற்று, மணிமணியாகக் கையெழுத்துப் போடுகிறாராம். பாக்கெட்டின் பின்பக்கம், ஒட்டிய மடிப்புக்குக் கீழே, ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: 'செலரியில் இயற்கையாக உள்ளது தவிர.' எறும்புக்கு வாசிக்கத் தெரிந்தால் வாசிக்கும். எவ்வளவு பெரிய மனசு.

ஜூலை 14

அப்பாவுக்குக் குடல் பரிசோதனை. சின்னதாக ஒரு கட்டி, எடுத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஏழு வாரச் சாப்பாட்டில் இதெல்லாம் வராது என்றார் டாக்டர். தெரியும். எல்லாம் தெரிந்தவள்தானே நான்.

வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்றார். நான் வாங்கிப்போன பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்துக் கடைசி வரி வரை படித்தார். பிறகுதான் பிரித்தார்.