கறுப்புச் சட்டத்துக்குள் உன் முகம்

கோபக்காரிக்கு,

நீ நடிப்பை உதறிவிட்டு மக்காவ் போய்ப் பூக்கடை வைத்தாய். நான் இங்கே ஹாங்காங் தொடர்களில் அம்மாவாக அழுதுகொண்டிருக்கிறேன். நேற்றைய கதையில் என் அக்கா செத்துப்போனாள். அஞ்சலிக்கு வைக்க, சாமான் அறைப் பையன் ஆ கீன் ஒரு பழைய புகைப்படத்தை வெட்டிச் சட்டம் போட்டு வந்தான். பார்த்தால், நீ! நம் முதல் தொடரில் நீ நாயகி, நான் தோழி, அப்போது எடுத்தது. என்னை வெட்டிவிட்டான். உன் தோளில் என் கை மட்டும் மிச்சம்.

"யாருக்கா இது? செம அழகு!" என்றான்.

"உசிரோட இருக்கிறவடா அவ!"

காட்சி ஒரே டேக்கில் முடிந்தது. "இந்த அழுகைய இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்கக்கா?" என்றார் இயக்குநர். சிரித்து மழுப்பினேன்.

சாவுப்படத்தில் முகம் வந்தால், தோஷம் கழிய யூனிட்டில் சிவப்பு உறையில் காசு தருவார்களே, உன்னுடையதைச் சண்டை போட்டு வாங்கினேன். இத்துடன் வைத்திருக்கிறேன். கிடைத்த அன்றே அந்தக் காசில் இனிப்பு வாங்கித் தின்றுவிடு, அப்போதுதான் தோஷம் போகும்.

நாம் பேசாமல் போனதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். வேண்டாம். நீயும் பதில் போட வேண்டாம். உறை திரும்பி வராமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
இன்னும் கையை எடுக்காதவள்