பாடத் தெரிந்தவளுக்கு லேப் கிடையாது

இயேசு மரி சூசை துணை

மேனாம்பேடு
புதன்கிழமை

அன்பு மகன் அருளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் ஏதோ சுகமாக இருக்கிறோம், அங்கே மெல்போர்னில் நீயும் மருமகளும் முழுச் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசும் படி. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் அவருக்கு ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள், தெருவில் நின்ற மழைத் தண்ணீர் இப்போதுதான் வடிந்தது. இதெல்லாம் உனக்குப் பழகின செய்தி. நான் எழுத வந்தது உன் தங்கச்சி ஜெசியைப் பற்றி.

நீ படித்த, இப்போது ஜெசி படிக்கிற சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் போன வருஷம் பழைய மாணவர் கூட்டம் நடந்ததே, நீ திரையில் இவ்வளவு பெரிசாகத் தெரிந்து பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாவற்றையும் திணிக்கக் கூடாது, யாருக்கு எது வருகிறது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே கண்டுபிடித்து அந்த வழியில் விட்டுவிட வேண்டும், வெளிநாட்டில் அப்படித்தான் என்று சொன்னாய். ஹெச்.எம். சிஸ்டர் விடாமல் எழுதிக்கொண்டார்கள், எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டு சால்வை வேறு போர்த்தினார்கள். அந்தப் பேச்சு இந்த ஜூனில் அமலுக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பை அறிவியல் அகாடமி, கலை அகாடமி என்று பிரித்துவிட்டார்கள். அறிவியல் பிள்ளைகளுக்கு தினமும் சாயந்திரம் லேப், பதினொன்றில் சயின்ஸ் குரூப்பும் அவர்களுக்குத்தான். கலைப் பிள்ளைகளுக்குப் பாட்டு, கீபோர்டு, நடனம், அதோடு சரி, சயின்ஸ் குரூப்பை அவர்கள் கேட்கவே முடியாது.

ஜெசியை எதில் போட்டார்கள் தெரியுமா. ஞாயிறு பூசையில் அவள் பதிலுரைப் பாடல் பாடினால் சாமியாரே கண்ணை மூடிக்கொண்டு கேட்பார் அல்லவா, அதனால் கலையில் போட்டுவிட்டார்கள். அறிவியலில் அவள் வாங்கின மார்க்கை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அயனம்பாக்கம் ஏரித் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, அதில் என்னென்ன நெளிகிறது என்று சாப்பிடும் நேரத்தில் சொல்லி அப்பாவைத் தட்டை விட்டு எழுப்பிவிடுகிற பெண் அவள். அவளுக்கு வேண்டியது அந்த லேப் ஒன்றுதான். மேல் ஃபிளாட்டில் ஐ.டி.யில் வேலை பார்க்கிறவர்களின் மகள் அகல்யாவுக்கு நடனம் என்றால் உயிர், அவளிடம் ஒலிம்பியாட் சர்டிபிகேட் இருக்கிறது என்று அறிவியலில் போட்டிருக்கிறார்கள், அவளும் அழுகிறாள். ரெண்டு அம்மாக்களும் சேர்ந்து போய் இவளை அங்கேயும் அவளை இங்கேயும் மாற்றிவிடுங்கள், உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே என்று கேட்டோம். கடவுள் கொடுத்த குரலை வீணடிப்பது பாவம் என்று ஹெச்.எம். சிஸ்டர் எனக்கே பிரசங்கம் வைத்தார்கள். உங்கள் மகன் சொன்ன யோசனைதானே அம்மா என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் உறைக்கிறது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா, அவன் அங்க ஏசி ரூம்ல குந்திகினு சொல்லிட்டான், இங்க என் பொண்ணு அழுதுகினு கீது என்று சொல்லிவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. மாதா திருவிழாப் பூசைக்குப் பள்ளிப் பாடகர் குழு வந்திருந்தது. எல்லாரும் வரிசையில் போய் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும் நேரத்தில் ஜெசி தனியாகப் பாட வேண்டும். ஆரம்பித்தாள், சுருதி ஒரு பக்கம் போகிறது, இவள் ஒரு பக்கம் போகிறாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கீபோர்டு வாசிக்கிறவர் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுக்கிறார், இவள் கவனமாக அதை விட்டு விலகியே கடைசிவரை பாடி முடித்தாள். வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள். அவ்வளவு சீராகத் தப்ப வேண்டும் என்றால் சுருதி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், எனக்கு விளங்கிவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்ப என்னை லேபுக்கு மாத்திடுவாங்களா அம்மா என்று கேட்டாள்.

மாற்றவில்லை. பாடகர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள், அறிவியலில் இடம் நிரம்பிவிட்டதாம். கலை அகாடமியில் மற்றப் பிள்ளைகள் பாடும்போது இவள் மைக் ஒயரைச் சுருட்டி வைக்கிறாள். உன் மேல் எனக்குக் கோபம்தான் அருள், மறைத்து எழுத எனக்கு வராது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி சொன்னவன் கூடப் பிறந்தவளிடம், உனக்கு என்ன வேணும் பாப்பா என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாயா. ஜனவரிக் கூட்டத்துக்கு உன்னை மறுபடி பேசக் கூப்பிடப் போகிறார்களாம், அதுவரை தள்ளிப் போடாதே. இந்த வாரமே ஹெச்.எம். சிஸ்டருக்குப் போன் போட்டு, நான் சொன்னது தப்பு, பிள்ளைகளைக் கேட்காமல் பிரிக்காதீர்கள், என் தங்கச்சியை லேபில் விடுங்கள் என்று சொல். நான் சொன்னால் அது அம்மா புலம்பல், நீ சொன்னால்தான் அவர்களுக்கு யோசனை.

குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாதா உங்கள் ரெண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், என்ன கோபம் இருந்தாலும் என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வரும்போது, ஒரு பாட்டுப் பாடு ஜெசி என்று வழக்கம்போலக் கேட்டுவிடாதே. நீ கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள், பாடிவிடுவாள். இப்போதெல்லாம் வீட்டில் யாரும் இல்லை என்று நினைக்கிற நேரத்தில்கூட அவள் தப்பாகத்தான் பாடிப் பழகுகிறாள்.

இப்படிக்கு
உன் அம்மா
சகாயமேரி